மைக்கில் சொன்ன மௌத்தை மறைத்த கதை

எங்கள் அரச கந்தோருக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், "மிஸ், நீங்க பட்ட அனுபவத்த எழுதித் தாங்களன்" என்று கேட்டார்கள். பெருமைப்படக்கூடிய மாதிரி ஏதாவது எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். கை அங்கே போகமாட்டேன் என்கிறது. ஆகவே நான் விட்ட பிழையை எழுதுகிறேன். உங்களுக்குப் பாடம் படிக்க ஏதாவது இருந்தால் அது அதில்தான் இருக்கும்.

1. திங்கட்கிழமைப் பட்டியல்

நலன்புரிக் கொடுப்பனவுப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் மாரடித்தவள் நான். அங்கே எனக்குப் பிடிக்காத நாள் திங்கட்கிழமை. அறவீட்டுப் பட்டியல் அன்றுதான் கணினியில் வரும். யாருக்காவது கூடுதலாகக் காசு போய்விட்டது என்று தலைமையகம் தீர்மானித்தால் அவருடைய பெயர் அதில் ஏறும். பெயருக்கு நேரே தொகை, காரணம், கடிதம் அனுப்பிய திகதி. அந்தத் திகதியிலிருந்து முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். முப்பத்தோராவது நாள் போய் நின்றால் வானத்து மலக்குமாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் எடுக்கமாட்டார்கள்.

அந்த மாதம் சிஸ்டம் மூன்று கிழமை படுத்துக் கிடந்தது. எழும்பியதும் மூன்று பட்டியல் ஒன்றாக வந்து விழுந்தன. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினேழாவது பெயரில் கை நின்றுவிட்டது.

மீராலெவ்வை உதுமாலெவ்வை. காரணம்: மரணத்தை மறைத்துக் கொடுப்பனவு பெற்றமை. கடிதம் போய் இருபத்தேழு நாள்.

வியாழக்கிழமையோடு முப்பது முடிகிறது. தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன். அந்த மௌத்தை யாரும் மறைக்கவில்லை என்பதும், அந்தக் காரணத்தைக் கணினியில் ஏற்றிய கை எது என்பதும் எனக்குத் தெரியும்.

2. நான் சொன்ன ஆறுதல்

உதுமாலெவ்வையை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். காக்கா சிறுநீரக நோயாளி. அவருடைய வங்கிக் கணக்கில் மாதாமாதம் இரண்டு கொடுப்பனவு விழும். ஒன்று நோயாளிக்கானது. மற்றது குடும்பத்துக்கானது, குடும்பத் தலைவர் என்பதால் அவர் பெயரில் வந்தது. அவர் மௌத்தானால் முதலாவதை நிறுத்த வேண்டும், இரண்டாவதை மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும். மௌத்தை முப்பது நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

அவர் ஒரு புதன்கிழமை விடியற்கால சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். மூன்று பள்ளிவாசல் மைக்கிலும் சொன்னார்கள். எங்கள் கந்தோரிலிருந்து மட்டும் ஆறு பேர் ஜனாஸா அடக்கத்துக்குப் போனார்கள், கிராம உத்தியோகத்தர் உட்பட. மூன்றாம் நாள் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அவ்வாஉம்மா ராத்தா உள் அறையில் வெள்ளைப் புடவையோடு பாயில் இருந்தார். அழுது முடித்த முகம். அந்த நிலையிலும் கேட்டார் பாருங்கள்.

"தங்கச்சி, அவர்ட பேங்க் புத்தகம், கார்ட் எல்லாம் இஞ்சதான் இரிக்கி. இனி என்ன செய்ற? ஆரும் கந்தோருக்கு வரணுமா?"

"இப்ப அதெல்லாம் யோசிக்காதீங்க ராத்தா. இத்தா முடியட்டும். முடிஞ்ச பொறவு மௌத்து சேட்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு ஆறுதலா வாங்க. ஒண்டும் நடக்காது."

ஒண்டும் நடக்காது! எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற காலம்தான் இத்தா. அவசியம் என்றால் வெளியே போகலாம் என்று மௌலவிமார் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் இத்தாவில் இருக்கிற பெண்ணைக் கந்தோர் வரிசையில் நிற்க வைத்தால், வைத்தவரை ஊரே காறித் துப்பும். சரி, அவர் வரத் தேவையில்லை. நான் போகலாமே? நான் பெண்பிள்ளை. உள் அறைக்குப் போக எனக்கு எந்தத் தடையும் இல்லை. படிவத்தை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியிருந்தால் பத்து நிமிட வேலை. மௌத்து வீட்டுக்குப் படிவம் தூக்கிக்கொண்டு போவது மரியாதை கெட்ட வேலை என்று எனக்குள் ஓர் எண்ணம். ஜனாஸாவுக்குப் போன ஆறு பேருக்கும் அதே எண்ணம்தான். கிராம உத்தியோகத்தர் நான் எழுதுவேன் என்று நினைத்தார். நான் அவர் எழுதுவார் என்று நினைத்தேன்.

நாலு மாதமும் இரண்டு கொடுப்பனவும் கணக்கில் விழுந்துகொண்டே இருந்தன. மூத்த மருமகன் நசீர் ஓட்டோ ஓட்டுகிறவர். மாமி சொல்ல அவர் கார்டைப் போட்டு எடுத்து, மருந்துக் கடை பாக்கியைக் கொடுத்தார், அரிசி வாங்கினார், உயர்தரம் படிக்கிற இளைய மகளின் டியூசனுக்குக் கொடுத்தார். எது நோயாளிக் காசு, எது குடும்பக் காசு என்று அந்த மெசினில் எழுதியா வருகிறது?

இத்தா முடிந்த மறுநாளே ராத்தா சேட்டிபிகேட்டோடு வந்து நின்றார். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. வரிசையில் முப்பது பேர். நான் மௌத்துத் திகதியை ஏற்றினேன். முப்பது நாள் தாண்டியிருந்தால் கணினி 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் காட்டும். அதில் மூன்று தெரிவு. முதலாவது, 'பயனாளி அறிவிக்கவில்லை'. நாம் தொடாமல் விட்டால் அதுவே நிற்கும், தலைமையகம் அதை 'மறைத்தமை' என்றே எடுக்கும். மூன்றாவது, 'உத்தியோகத்தர் தாமதம்'. இருபத்தெட்டு வருடத்தில் அந்த மூன்றாவதை யாரும் அமத்தி நான் கண்டதில்லை. நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. 'சரி' என்று அமத்திவிட்டு, "அடுத்த ஆள்" என்றேன்.

3. மௌத்தானவருக்கு வந்த கடிதம்

திங்கட்கிழமை பின்னேரம் நாலேகாலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை நேரே அவர்கள் வீட்டுக்கு விட்டேன். வாசல் கடப்படியில் நசீரின் ஓட்டோ நின்றது. உள்ளே போய்ச் சலாம் சொன்னதும் ராத்தா எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா தங்கச்சி! நான் ஒங்கட ஊட்ட வரத்தான் இரிந்தன். இதப் பாருங்க."

கடிதம் உதுமாலெவ்வைக் காக்காவின் பெயருக்கே வந்திருந்தது. 'உங்கள் மரணத்தை உரிய காலத்தில் அறிவிக்காது மறைத்து நீங்கள் பெற்றுக்கொண்ட மேலதிகக் கொடுப்பனவை...' என்று தொடங்கியது. கப்று தோண்டிப் படுக்க வைத்த மனிசன் எழும்பி வந்து தன் மௌத்தை அறிவிக்க வேண்டுமாம். வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன்.

"நீங்க பெற்றுக்கொண்டீங்க எண்டு அவருக்குத்தானே எழுதியிரிக்கி?" என்றார் ராத்தா. "அப்ப இது அவர்ட தலையில கடன். கடனோட படுத்துக் கிடக்கிறார் மனிசன். ஒரு மாசமா எனக்கு நித்திர இல்ல தங்கச்சி. கண்ண மூடினா அவர் வந்து நிக்கிறார்."

"மாமி காப்ப ஈடு வைக்கச் சொல்றா" என்றார் நசீர். இளைய மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த ஒரு சோடிக் காப்பு அது. "வியாழக்கிழம எனக்கு ஹயர் இல்ல. கல்முனைக்குப் போய் ஈடு வெச்சி, அப்படியே பேங்க்ல கட்டிப்போட்டு வந்துருவம்."

கடிதத்தோடு பணம் கட்டும் சீட்டு ஒன்று பின் குத்தியிருந்தது. அதன் பின்பக்கம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் மூன்று வரி. பணம் கட்டுகிறவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். குடும்பக் கொடுப்பனவு இரண்டு வருடத்துக்கு நிறுத்தப்படும். அதன் பிறகு மேன்முறையீடு கிடையாது. இதை வாசித்துக் காட்டினேன்.

"கட்டாதீங்க ராத்தா. கட்டினா மறைச்சது உண்மையெண்டு ஆகிரும். மாசக் காசும் நிண்டு போகும். புள்ளைட படிப்பு என்னாகிற? நான் அப்பீல் எழுதித் தாறன், நீங்க கையெழுத்து மட்டும் வைங்க. இது கந்தோர்ப் பிழ."

"கடன் கழுத்தில கிடக்கக்குள்ள கோடு கச்சேரியெண்டு ஏறச் சொல்றீங்களா? மாசக் காசு இல்லாட்டி நாங்க கஞ்சியக் குடிச்சிட்டுக் கிடப்பம். முதல்ல அவர்ட கடன் எறங்கட்டும்."

கந்தோர்ப் பிழை என்று சொன்னேன் பார்த்தீர்களா. கந்தோருக்கு வாயா இருக்கிறது? என் பிழை என்று சொல்ல அன்று எனக்கு நாக்கு எழும்பவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

4. வெற்று வரி

வெளிக்கள உத்தியோகத்தர் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். இன்ன திகதி, இன்ன வீடு, இன்ன விஷயம். செவ்வாய்க்கிழமை என்னுடையதை எடுத்து அந்த மூன்றாம் நாளைப் பார்த்தேன். 'பி.ப. லீவு' என்று எழுதி, கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பேனையைக் கையில் எடுத்தேன். 'மரணச் சான்றிதழை ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிக்குமாறு மனைவிக்கு அறிவுறுத்தினேன்.' ஒரே வரி போதும். பழைய நீல மைப் பேனை மேசை லாச்சிக்குள்ளேயே இருந்தது. நான் தப்பிவிடுவேன். ராத்தா எப்படியும் வியாழக்கிழமை காசைக் கட்டப் போகிறார். அவர் கட்டினால் பைல் மூடிவிடும், யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. எனக்குப் பென்சனுக்குப் பதினொரு மாதம் இருந்தது.

பேனையை மூடி வைத்தேன். நல்லவள் என்பதால் என்று நினைக்காதீர்கள். இப்போது எழுதினால் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள் என்ற பயமும் அதில் இருந்தது. நாட்குறிப்பை மூடிக்கொண்டு கணக்காளர் சேரின் அறைக்குப் போனேன்.

அவர் பாண்டிருப்பு ஆள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரா? 'உத்தியோகத்தர் தாமதம்' எண்டு எழுதிக் குடுத்தா கணக்குப் பாக்க வாற ஓடிட்காரன் உங்களத்தான் புடிப்பான். அந்தக் காச உங்கட சம்பளத்தில வெட்டுவாங்க. அதோட விட்டாலும் பரவாயில்ல. விசாரணை எண்டு தொடங்கினா பென்சன் பைல் அசையாது, தெரியுமா?"

"தெரியும் சேர்."

"அந்த அம்மா கட்டுறன் எண்டுதானே சொல்றா?"

"அவ கட்டினா மறைச்சவ எண்டு முடிஞ்சி போகும் சேர். மறைக்கல்லயே. மூணு பள்ளியில சொன்ன மௌத்து. நீங்களும் வந்தீங்கதானே ஜனாஸாவுக்கு?"

சேர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வந்தன்" என்றார். பிறகு, "நானும் எழுதல்ல" என்றார்.

புதன்கிழமை முழுக்க மேன்முறையீட்டையும் என் வாக்குமூலத்தையும் தட்டச்சுச் செய்தேன். மூன்று தரம் அடித்தேன், மூன்று தரம் கிழித்தேன். 'எனக்கு வாய்மொழியாக அறிவிக்கப்பட்டது' என்ற வரியில் வந்து வந்து நின்றேன். பகல் சோறு இறங்கவில்லை. ஆனால் பயனாளியின் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை.

5. வங்கி வரிசை

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். கடப்பு பூட்டியிருந்தது. பக்கத்து வளவுப் பெண் எட்டிப் பார்த்து, "இப்பதான் போறாங்க, ஓட்டோவில" என்றாள்.

ஸ்கூட்டியைத் திருப்பினேன். பிரதான வீதியில் பாடசாலை நேர நெரிசல், போதாததற்கு முன்னால் உமி லொறி ஒன்று. அல்லாஹ்வே, ஈடு வைக்கிற இடத்திலாவது சனம் கூடி இருக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே போனேன். இருபத்தெட்டு வருடத்தில் வரிசை நீளமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

ஈடு வைக்கிற கடை கடையாகத் தேடிவிட்டு வங்கிக்குள் நுழைந்தபோது இருவரும் கதிரையில் இருந்தார்கள். ராத்தாவின் மடியில் ஒரு பொலித்தீன் பை. காப்பு போய்க் காசு வந்துவிட்டது. நசீரின் கையில் இலக்கத் துண்டு, நாற்பத்தாறு. கவுண்டருக்கு மேலே நாற்பத்து நாலு ஓடிக்கொண்டிருந்தது.

"ராத்தா, எழும்புங்க. இதில கையெழுத்து வைங்க."

"தங்கச்சி, நான் சொல்லிட்டன்தானே. கடன் எறங்கட்டும்."

"அது அவர்ட கடன் இல்ல."

"கடிதம் அவர்ட பேருக்குத்தானே வந்திரிக்கி!"

நாற்பத்தைந்து என்று மெசின் சத்தம் போட்டது. இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றி இருபது பேர் இருக்கிறார்கள், பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். நின்ற நிலையிலேயே சொன்னேன்.

"ராத்தா, மூணாம் நாள் நீங்க என்ன கேட்டீங்க? ஆரும் வரணுமா எண்டு கேட்டீங்க. நான்தான் வேணாமெண்டன். எழுதியிரிக்க வேண்டியது நான். எழுதல்ல. நீங்க சேட்டிபிகேட் கொண்டு வந்த நாள், நீங்க அறிவிக்கல்ல எண்டு கொம்பியூட்டர்ல ஏத்தினதும் நான்தான். பாக்காம அமத்திட்டன். திங்கட்கிழம இதச் சொல்ல வந்தன், சொல்ல ஏலாமப் போயிட்டு. பிழ என்ட."

ராத்தா மடியிலிருந்த பையின் வாயை முடிந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப இந்த ஒரு மாசமா நான் பட்ட பாடு?" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தொழுகையிலயும் அவருக்காக மாப்புக் கேட்டுக்கிட்டு இரிந்தனே. செய்யாத களவுக்கு மாப்புக் கேட்டனே. மௌத்தான மனிசனக் கள்ளனாக்கிப் போட்டீங்களே தங்கச்சி!"

நாற்பத்தாறு வந்தது. நசீர் எழும்பவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போய்விட்டது. ராத்தா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"எங்க வைக்கிற கையெழுத்து?" என்று கேட்டார்.

பேனையை இறுக்கிப் பிடித்து எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினார். எழுதி முடித்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூவரும் ஓட்டோவில் ஏறிக் கந்தோருக்கு வந்தோம். ஸ்கூட்டியை வங்கி வாசலிலேயே விட்டுவிட்டேன். தபால் பிரிவில் திகதி முத்திரை குத்துகிறவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அந்தத் தாளை நான் கீழே வைக்கவில்லை. முத்திரை விழுந்ததும் திகதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு தரம் குத்தச் சொன்னேன்.

6. விசாரணை

ஆறு கிழமைக்குப் பிறகு மாவட்டச் செயலகமான கச்சேரியில் விசாரணை. அந்த ஆறு கிழமையும் நான் பட்டதை எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும். தொலைபேசி அடித்தால் திடுக்கிடுவேன். பழுப்பு உறை வந்தால் கை வைக்கமாட்டேன், பியோனிடம் சொல்லித்தான் திறப்பேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவியாக இருந்த அம்மா பைல் கோவையைப் புரட்டிவிட்டு முதலில் என்னைத்தான் கேட்டார்.

"மரணத்த நீங்க எப்ப அறிஞ்சீங்க?"

"மௌத்தான அண்டைக்கே மெடம்."

"எப்படி?"

"பள்ளி மைக்கில சொன்னாங்க. கந்தோராக்கள் ஆறு பேர் ஜனாஸாவுக்குப் போனாங்க."

"ஆறு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தரும் பதியல்லயா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதால ஒருத்தரும் பதியல்ல மெடம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு இத்தாவைப் பற்றிக் கேட்டார். நாலு மாதம் பத்து நாளையும் கலண்டரில் எண்ணிக் காட்டினேன். ராத்தா வந்தது அதற்கு மறுநாள் என்பதற்கு வரவேற்புப் புத்தகத்தில் பதிவு இருந்தது. அது ஒன்றுதான் முழு விஷயத்திலும் யாரோ எழுதி வைத்திருந்த திகதி. கணக்காளர் சேரும் தானாகவே வந்து, ஜனாஸாவுக்குப் போனது உண்மை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

முடிவு பிறகு தபாலில் வந்தது. 'மறைத்தமை' என்ற காரணம் நீக்கப்பட்டது. குடும்பக் கொடுப்பனவு அவ்வாஉம்மா பெயருக்கு மாற்றப்பட்டு, விசாரணை முடியும்வரை நின்று போன மாதங்களுக்கும் நிலுவை உண்டு. நோயாளிக் கொடுப்பனவு நாலு மாதத்துக்கும் பொறுப்பான உத்தியோகத்தரின் சம்பளத்தில் அறவிடப்படும். அத்துடன் அவருடைய சுயவிபரக் கோவைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பென்சனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நாலு தரம் வாசித்துத்தான் உறுதிப்படுத்திக்கொண்டேன். அன்றைக்குத்தான் பகல் சோறு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

7. ஒரு துண்டு

குடும்பக் காசு புதுக் கணக்கில் விழுந்த கிழமை ராத்தா கந்தோருக்கு வந்தார். வங்கியில் நடந்த நாளுக்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைத்தது அன்றுதான்.

"காப்ப மீட்டுட்டன் தங்கச்சி. இப்ப அவருக்குக் கடன் இல்லதானே?"

"இல்ல ராத்தா. முழுக்க அழிச்சாச்சி."

"அப்ப அதுக்கு ஒரு துண்டு தாங்களன்."

"என்ன துண்டு?"

"கடன் இரிக்கி எண்டு கடிதம் போட்டாங்கதானே, அவர்ட பேரப் போட்டு. இல்லையெண்டும் ஒரு கடிதம் போடச் சொல்லுங்க."

அப்படி ஒரு கடிதம் எங்களிடம் இல்லை. கடன் உண்டு என்று சொல்ல நாலு விதமான மாதிரிக் கடிதம் கணினியில் இருக்கிறது. முதல் அறிவித்தல், நினைவூட்டல், இறுதி அறிவித்தல், சட்ட நடவடிக்கை. கடன் இல்லை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதோடு கந்தோரின் வேலை முடிந்துவிடும்.

நானே அடித்தேன். 'மீராலெவ்வை உதுமாலெவ்வை என்பவர் எமது அலுவலகத்துக்கு எந்தத் தொகையும் செலுத்த வேண்டியவரல்லர். அவர் எதனையும் மறைக்கவில்லை.' கணக்காளர் சேரிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மாதச் சம்பளச் சீட்டில் என் வெட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஒப்பம் வைத்து, கந்தோர் இறப்பர் முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தித் தந்தார்.

ராத்தா என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அவர் எதையும் மறைக்கல்ல" என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். போகப் போனவர் திரும்பி நின்றார்.

"அப்ப அந்த நாலு மாசக் காச ஆர் கட்டின?"

"அது கந்தோர்ல பாத்துக்கிட்டாங்க ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட பாடம் இதுதான். ஊருக்குத் தெரிந்தது கோவைக்குத் தெரியாது. கோவைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லும்போது திகதி போட வேண்டும். மௌத்து வீடாக இருந்தாலும் படிவத்தைக் கொண்டு போங்கள். அதை நீட்ட வெட்கமாக இருந்தால், திரும்பி வந்து நீங்களாவது ஒரு வரி எழுதி வையுங்கள். கட்டத்தை அமத்த முதல் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மனிசன் இருக்கிறான், சில வேளை கப்றுக்குள்.

கடைசி நாளில் ராத்தாவிடம் நான் சொன்னது பொய். இந்தக் குறிப்பு அச்சாகி அவர் வீட்டுக்குப் போனால் இளைய மகள்தான் வாசித்துக் காட்டுவாள். மகள், இந்த இடத்தில் நிறுத்தாமல் உம்மாவுக்கு வாசியுங்கள். அந்தக் காசைக் கட்டினது நான். சதக்கா, தர்மம் என்று நினைக்க வேண்டாம் ராத்தா. என் கடன் காக்காவின் பேரில் கிடந்தது, அதை நான் அடைத்தேன்.